ஆயில் சூடு தணியும்வரை

நாங்கள் தெருவுக்குள் திரும்பியபோது ஆயிலின் சூட்டைக் காட்டும் முள் நூற்றி இருபத்தெட்டு டிகிரியில் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த இன்னொரு வட்டம் ஆயிலின் அழுத்தத்தைக் காட்டுவது. வண்டி நின்றதும் அந்த முள் சரசரவென்று இறங்கி ஒன்றுக்குச் சற்று மேலே வந்து ஒண்டிக்கொண்டது. இந்த இரண்டு வட்டங்களும் வண்டியோடு வந்தவை இல்லை. என் டிரைவர் தென்னரசு போன வருஷம் வேலூரிலிருந்து வாங்கிவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பொருத்தியவை. எதிரே சம்பந்தம் அண்ணனின் பாடை வந்துகொண்டிருந்தது. என் கண் பாடைக்குப் போவதற்கு முன்னால் அந்தச் சூட்டு முள்ளுக்குத்தான் போனது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் ஏதோ சமாதானம் சொல்வதுபோல் இருக்கும்.

சம்பந்தம் அண்ணன் பாவு போடுகிறவர், தறியில் ஏற்றுகிற நீள இழைகளை வரிசைப்படுத்தித் தருகிறவர். என் கல்யாணப் பட்டுக்குப் பாவு போட்டது அவர்தான், என் இரண்டு பெண்களின் கல்யாணப் பட்டுக்கும் அவர்தான். ஆரணியில் எங்கள் தெருவில் அவர் கை படாத சேலை கட்டி மணையில் உட்கார்ந்த பெண் குறைவு. அவர் போன செய்தி வந்தபோது நான் பெங்களூரில் ஒரு லாட்ஜில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். முதல் நாள்தான் கடைகளுக்குச் சேலைகளைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தோம். பதினொரு மணிக்கு எடுத்துவிடுவார்கள் என்று என் மனைவி பூங்காவனம் போனில் சொன்னாள். முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்குத் தவிப்பாகிவிட்டது. தென்னரசுவை எழுப்பி, "ஜல்தி ஜல்தி" என்று விரட்டினேன். அவன் முகத்தைக் கழுவிக்கொண்டே சொன்னான்.

"வேகமா போயிடலாம் மொதலாளி. ஆனா கண்ணமங்கலம் தாண்டி கொஞ்சம் மெதுவா விடணும். ஊருக்குள்ள நுழையறப்போ ஆயில் ஆறியிருக்கணும்."

"அதெல்லாம் இன்னிக்கி பாக்காதே."

கண்ணமங்கலத்தில் மணி பத்தரையைத் தாண்டியிருந்தது. அவன் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கப் பார்த்தான், நான் எடுக்கவிடவில்லை. ஜூன் மாச வெயில். ஏ.சி. வேறு முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆக, அந்த நூற்றி இருபத்தெட்டும் என் உபயம்தான்.

இந்த ஆயில் சங்கதியெல்லாம் எனக்குச் சொந்தக் காசைக் கரியாக்கித் தெரிந்துகொண்டது. தென்னரசு வருவதற்கு முன்னால் வண்டியை நானே ஓட்டிக்கொண்டிருந்தேன். நான் தறியில் பிறந்து தறியில் வளர்ந்தவன், எதையும் வீணாக்க மனசு வராது. அறுந்த இழையைக்கூட விரலில் சுற்றி எடுத்துவைக்கிற வீடு எங்களுடையது. வண்டியிலும் அந்தப் புத்தி போகவில்லை. நெடுஞ்சாலையில் நூறில் வந்து, தெருமுனையில் திரும்பும்போதே சாவியை அணைத்துவிடுவேன். மிச்ச தூரத்துக்கு வண்டி தானாக உருண்டு வந்து வாசலில் நிற்கும். டீசல் மிச்சம் பண்ணிவிட்டதாக அதில் எனக்கு ஒரு பெருமை. ஒரு நாள் பின்னால் நீலநீலமாகப் புகை கக்கத் தொடங்கியது. வேலூர் மெக்கானிக் டர்போவைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே இருந்த சின்னத் தண்டில் கருப்பாக ஏதோ இறுகிப்போயிருந்தது, அடிபிடித்த பாத்திரம் மாதிரி.

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். இன்ஜின் வெளியே தள்ளுகிற புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றுகிறது. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்குமேல். அந்தத் தண்டுக்கு ஆயில்தான் மெத்தை, ஆயில்தான் குளிர்ச்சி. இன்ஜினை அணைத்தால் ஆயில் வருவது நின்றுவிடும். சக்கரம் உடனே நிற்காது, அதன் சூடும் உடனே இறங்காது. அங்கே தேங்கிய ஆயில் வெந்து கரியாகும். நெடுந்தூரம் ஓடிவந்த வண்டியை அணைப்பதற்கு முன்னால் இரண்டு நிமிஷம் சும்மா ஓடவிட வேண்டும், அவ்வளவுதான் வைத்தியம். நான் மிச்சம் பிடித்த டீசலையெல்லாம் சேர்த்தால் அந்த ரிப்பேருக்கு ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

அதற்கப்புறம்தான் தென்னரசுவை வேலைக்கு வைத்தேன். தேவிகாபுரத்துப் பக்கத்தில் ஒரு காலனி அவனுக்கு. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்துவிட்டு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். முதல் நாள் வந்தவன் வண்டியை ஸ்டார்ட் பண்ணவே இல்லை. பானெட்டைத் திறந்து ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவி, விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தான். "கருகன வாசனை வருது மொதலாளி, மொதல்ல ஆயில மாத்திடலாம்" என்றான். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் அழுத்த முள் ஏறி நிலைக்கும்வரை ஆக்ஸிலேட்டர்மேல் காலை வைக்க மாட்டான். ஆயில் வெதுவெதுப்பாகிற வரைக்கும் வண்டியை விரட்ட மாட்டான். நானும் சேர்ந்து மாறிவிட்டேன். புதிதாக மாலை போட்டவன் மற்றவர்களுக்கு விரத முறை சொல்வதுபோல், கல்யாணப் பந்தியில்கூட டர்போவைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டேன். "இவர் டீச்சரா போயிருக்கலாம்" என்று பூங்காவனம் தலையில் அடித்துக்கொள்வாள்.

எங்கள் தெருவின் வழக்கத்தையும் சொல்ல வேண்டும். சாவு மேளம் எங்கள் தெருவுக்குள் அடிப்பதில்லை. மேளக்காரர்கள் தெருமுனையில் காத்திருப்பார்கள். வீட்டிலிருந்து பாடை கிளம்பி முனையைத் தாண்டுகிறவரை ஒரு தறியும் ஓடக் கூடாது, கைத்தறியோ பவர்லூமோ. வாழ்நாள் முழுக்க டக்கு டக்கு என்று கேட்ட காது, கடைசியாகப் போகும்போது சும்மா போகட்டும் என்பது கணக்கு. நாற்பது வீட்டுத் தறிகள் ஒவ்வொன்றாக நிற்கும்போது தெருவே வேறு தெருவாகிவிடும். குழாயடியில் சொட்டுகிற தண்ணீர் கேட்கும். யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்கும். யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், ஒருவர் தெருவில் எப்படி வாழ்ந்தார் என்பதை அந்த நேரத்தில் எத்தனை தறிகள் எவ்வளவு சீக்கிரம் நின்றன என்பதை வைத்து ஒரு கணக்குப் போட்டுக்கொள்வோம். சம்பந்தம் அண்ணனுக்கு எல்லாத் தறியும் காலையிலிருந்தே நின்றிருந்தது.

அந்த அமைதிக்குள்தான் எங்கள் வண்டி போய் நின்றது. பின்னால் மேளக்காரர்களும் சுடுகாட்டுக்குப் போகிற வண்டியும் முனையை அடைத்துக்கொண்டு நின்றதால் திரும்பிப் போக வழியில்லை. தென்னரசு ஒரு புங்கமரத்தடியில் சுவரோடு ஒட்டி ஒதுக்கினான். அவன் கை சாவிக்குப் போனது. சாவிமேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "மொதலாளி?" என்றான், அவ்வளவு மெதுவாக.

நான் முள்ளைப் பார்த்தேன். பிறகு வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். பெரிதாக ஆட்டவில்லை, ஒரு விரற்கடை அசைந்திருக்கும். இரண்டு நிமிஷம்தானே, யார் கவனிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

இரண்டு பேரும் இறங்கி, செருப்பை விட்டுவிட்டு, ஆளுக்கொரு பக்கம் கைகூப்பி நின்றோம். சாதாரண நாளில் அந்த இன்ஜின் ஓடுவதே தெரியாது. அன்றைக்கு ஒரு மாவு மில்லையே கொண்டுவந்து நிறுத்தினாற்போல் இருந்தது. ரேடியேட்டர் விசிறி வேறு திடீரென்று சுழல ஆரம்பித்துவிட்டது. அண்ணனின் மூத்த மகன் கமலக்கண்ணன் ஈர வேட்டியோடு கொள்ளிச்சட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தான். எங்கள் வண்டியைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டான். பாடைக்குப் பக்கத்தில் வந்த ஜெயச்சந்திரன், எங்கள் தெருச் சங்கத்துத் தலைவர், தென்னரசுவைப் பார்த்து 'அணை' என்று கையைத் திருகிக் காட்டினார். தென்னரசு மறுபடியும் என்னைப் பார்த்தான். நான் அப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் ஓடிவந்தேன். பாடை என்னைத் தாண்டியபோது அண்ணனின் முகத்தை நான் பார்க்கவில்லை.

பால் தெளித்த அன்று சாயங்காலம் துக்கம் விசாரிக்கப் போனேன். பந்தலுக்கடியில் ஏழெட்டுப் பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜெயச்சந்திரன்தான் ஆரம்பித்தார்.

"குமரேசா, உன் டிரைவருக்கு இன்னா அவ்ளோ திமிரு? பொணம் போவுது, நான் கைய காட்றேன், மரம் மாதிரி நின்னுகினு இருக்கான்."

"அவங்க ஊர்ல எப்படியோ, நம்ம தெருவுக்குன்னு ஒரு முறை இருக்குது இல்ல?" என்றது இன்னொரு குரல். அந்த 'அவங்க ஊர்' என்றால் என்ன என்று எனக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும். யாரும் அதைத் தொடவில்லை. நானும் தொடவில்லை.

கமலக்கண்ணன் மொட்டைத் தலையோடு ஒரு பாயில் உட்கார்ந்திருந்தான். அவன் மட்டும் கோபமில்லாமல் கேட்டான்.

"ஏன் சித்தப்பா ஆஃப் பண்ணல?"

சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. நான் சொன்னேன்: "தெரியாம பண்ணிட்டாம்பா."

கமலக்கண்ணன் என் முகத்தைப் பார்த்தான். "அப்டியா" என்றான். பிறகு பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். ஜெயச்சந்திரன் தீர்ப்பைச் சொன்னார். பதினாறாம் நாள் காரியத்தன்று டிரைவர் வந்து, படத்துக்கு முன்னால் நின்று தப்பென்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதுவரை அவன் ஓட்டுகிற வண்டி தெருவுக்குள் வரக் கூடாது. நான் சரி என்று தலையை ஆட்டினேன். தலையாட்டுவது எனக்கு எப்போதுமே சுலபமாக வருகிறது.

வீட்டில் பூங்காவனத்திடம் சொன்னபோது அவள் கோராப் பட்டு நூலை எடைபோட்டுக்கொண்டிருந்தாள். தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"உங்கள கேக்காம அந்தப் புள்ள ஒரு ஹாரன் அடிப்பானா?"

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அன்றைக்குச் சாப்பாடு போடும்போது, "இன்னும் கொஞ்சம்" என்று கேட்டுப் பரிமாறுகிற வழக்கத்தை மட்டும் விட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் தெருமுனைக்குப் போய்த் தென்னரசுவை நிறுத்தினேன். சும்மா ஒரு வார்த்தைதான், பெரியவர்கள் கேட்கிறார்கள், ஒரு மரியாதைக்கு என்றெல்லாம் சுற்றிவளைத்துச் சொல்லிமுடித்தேன். அவன் ஆயில் கம்பியைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சரிங்க மொதலாளி" என்றான். கம்பியைத் திரும்பச் செருகினான். "அன்னிக்கி நான் உங்கள பாத்தேன்."

"பாத்தே."

"நீங்க வாணாம்னு தலையாட்டுனீங்க."

"ஆட்னேன்."

"அது போதும். மறந்துட்டீங்களோன்னு நெனச்சேன்." பானெட்டை மெதுவாக இறக்கி அழுத்தினான். "வந்து சொல்லிட்றேன். சொல்லிட்டு அந்த மாசத்தோட நின்னுக்கறேன் மொதலாளி. பெரணமல்லூர்ல ஸ்கூல் பஸ்ஸுக்குக் கேட்டுகினு இருக்காங்க."

அவன் குரலில் எந்த ஏற்றமும் இல்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், முதலாளியாக இருப்பது எனக்கு மறந்துபோகாது. அவன் கத்தவில்லை. அவன் போய்விடுவான் என்பதா, போகும்போது என்னைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொண்டு போவான் என்பதா, எது அதிகமாக வலித்தது என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அடுத்த பதிமூன்று நாளும் அவன் வண்டியை முனையில் நிறுத்திவிட்டு, கோரா மூட்டையையும் சேலைக் கட்டையும் தோளில் சுமந்துகொண்டு வீட்டுக்கு நடந்தான். இருநூறு அடி இருக்கும். தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவர்கள் ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள். முதல் நாள் நானும் ஒரு சேலைக் கட்டை எடுக்கப் போனேன். "நீங்க வாணாம் மொதலாளி" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். சென்னைக்கு ஒருமுறை போய்வந்தோம். வழக்கமாக ஏதாவது பேசிக்கொண்டே ஓட்டுவான், எந்த பங்க்கில் டீசல் சுத்தம், எந்த லாரி எதனால் மூச்சு வாங்குகிறது என்று. அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. ஆற்காடு தாண்டியதும் வேகத்தைக் குறைத்தான். ஆரணிக்குள் நுழையும்போது முள் தொண்ணூற்றைந்தில் இருந்தது. முனையில் நிறுத்திய பிறகும் இரண்டு நிமிஷம் ஓடவிட்டான். அந்த இரண்டு நிமிஷமும் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிடலாம், போய்க் கமலக்கண்ணனிடம் சொல்லிவிடுகிறேன் என்று அவனிடமாவது சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. அதற்குள் அவன் சாவியைத் திருப்பிவிட்டான்.

பதினாறாம் நாள் பந்தலில் நல்ல கூட்டம். சம்பந்தம் அண்ணன் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார், ஏதோ கல்யாணத்தில் எடுத்த படம். சடங்கெல்லாம் முடிந்து இலை போடத் தொடங்கியிருந்தார்கள். தென்னரசு வெள்ளைச் சட்டை போட்டு, தலைவாரி, பந்தலுக்கு வெளியே செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றிருந்தான். ஜெயச்சந்திரன் கூப்பிட்டார். பந்தலில் பேச்சு குறைந்தது. அவன் நேராகப் படத்தின் முன்னால் போய்க் கைகூப்பினான்.

"ஐயா, அன்னிக்கி நீங்க போறப்போ என் வண்டி ஓடிகினு இருந்துது. தப்புதாங்க."

அவ்வளவுதான். ஜெயச்சந்திரன் திருப்தியாகத் தலையசைத்தார். "செரி, போப்பா" என்றார்.

"இரு" என்றான் கமலக்கண்ணன். படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து வந்தான். "ஏன் ஓடிச்சு? அத சொல்லு."

தென்னரசு சொன்னான். தறி மோட்டாரை நிறுத்தினாலும் சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றும் இல்லையா, அது மாதிரிதான் என்று தொடங்கி, சூட்டையும் ஆயிலையும் அழுத்தத்தையும் நாலு வாக்கியத்தில் சொன்னான். பவர்லூம் வைத்திருக்கிறவர்கள் தங்களை அறியாமல் தலையாட்டினார்கள்.

"அத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?" என்றார் ஜெயச்சந்திரன்.

"போறவரு முன்னால நின்னுகினு ஆயில பத்தி இன்னாங்க பேசறது?"

கமலக்கண்ணன் அவனை விடவில்லை. "உன் கை சாவியில இருந்துது. திருப்பப் போனே. அப்புறம் கைய எடுத்துட்டே. ஏன்?"

தென்னரசு என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே நின்றால் அதற்கும் ஒரு பொய்யை அவனே சொல்லிவிடுவான் என்று எனக்குத் தெரிந்தது. எனக்காக. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான் வாணாம்னேன்."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. "இன்னாது?" என்றார் ஜெயச்சந்திரன்.

"நான்தான் அணைக்க வாணாம்னு சொன்னேன். அவன் கேட்டான். நான் தலையாட்னேன். வேகமா வரச்சொன்னதும் நான்தான்."

யாரோ தொண்டையைச் செருமினார்கள். சாம்பார் வாளியோடு வந்த ஆள் வந்த இடத்திலேயே நின்றுவிட்டான். ஜெயச்சந்திரன் என்னைப் பார்த்துவிட்டு, வேறெங்கோ பார்த்தார். கூட்டத்தில் பெண்கள் பக்கம் பூங்காவனம் இருந்தாள், அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை.

"தெரியும் சித்தப்பா" என்றான் கமலக்கண்ணன். "சட்டிய புடிச்சிகினு மொதல்ல வந்தவன் நானு. எனக்கு நேரா உங்க வண்டிக் கண்ணாடிதான். அவன் உங்கள பாத்ததும் தெரிஞ்சுது, உங்க தல ஆடனதும் தெரிஞ்சுது."

"அப்போ அன்னிக்கே ஏம்பா..."

"கேட்டேனே சித்தப்பா."

அவன் இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. களைத்துப்போயிருந்தான். பதினாறு நாளாக வெறுந்தரையில் படுத்தவன் குரல் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பிறகு தென்னரசுவின் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். "எனக்கு வாணாங்க, நான் போயி..." என்று அவன் இழுத்ததைக் காதில் வாங்காமல் முதல் பந்தியில் நடுவில் உட்காரவைத்தான். தானே ஒரு இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தான்.

மற்றவர்களும் உட்கார ஆரம்பித்தார்கள். கொஞ்சம் முன்பின்னாகத்தான். ஒருவர் அந்த வரிசையைப் பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். இரண்டு பேர் அப்படியே உட்கார்ந்தார்கள். வரிசை நிரம்பியது. தென்னரசுவுக்கு இடப்பக்கம் மட்டும் ஒரு இலை ஆளில்லாமல் இருந்தது. சோற்று அன்னக்கூடையோடு வந்தவர் அந்த இலைக்கு முன்னால் நின்று, வைக்கலாமா வேண்டாமா என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

நான் போய் உட்கார்ந்தேன். முட்டி வலியோடு சம்மணம் போட எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும். தென்னரசு திரும்பவில்லை. எங்கள் இரண்டு இலைகளுக்கும் நடுவில் அவனுடைய தண்ணீர் டம்ளர் இருந்தது. அவன் அதை எடுத்து, குடிக்காமல், என் முட்டி படாதபடி தன் வலப்பக்கமாக நகர்த்திவைத்துக்கொண்டான்.